சொற்களால் நடக்கும் விளையாட்டு தமிழ்வழிப் பிள்ளைகளின் முதற்படியாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், சிறுவர்களுக்குக் கணினி விளையாட்டு உருவாக்கக் கற்றுத்தரும் வகுப்புகளின் விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் பாலக்காடு, கோவைப் பக்கங்களில் வரத் தொடங்குகின்றன. எங்கள் சித்தூர் வட்டத்திலிருந்து, குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளிலிருந்து, வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளைக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் பேருந்தேற்றி அனுப்புகிறார்கள். வசதி இல்லாதவர்களோ இது நம் வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத படிப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விளையாட்டு நிரல் எழுதக் கற்பதற்கு விலையுயர்ந்த கணினியோ, முப்பரிமாணப் படங்களோ, ஆங்கிலப் புலமையோ வேண்டியதில்லை என்பதையும், படமே இல்லாமல் சொற்களால் மட்டுமே நடக்கும் பழைய உரை விளையாட்டுகளே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமான முதற்படி என்பதையும், அந்தப் படியை அவர்கள் ஏறுவதற்குக் கணினி ஆசிரியரோடு தமிழாசிரியரும் துணை நிற்க வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் இப்பகுதித் தமிழ்வழிப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் ஊர் வாசகசாலையில் மாலை வேளைகளில் பிள்ளைகளோடு இப்போது இந்த வேலையைத்தான் செய்துவருகிறேன்.

உரை விளையாட்டு என்றால் என்னவென்று இன்றைய பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். திரையில் ஓர் இடத்தைப் பற்றிய வருணனை நாலைந்து வரிகளில் தோன்றும். விளையாடுபவர் தாம் செய்ய நினைப்பதைத் தட்டச்சிடுவார்: வடக்கே போ, விளக்கை எடு, கதவைத் திற. அதன் விளைவு என்ன என்பதைக் கணினி மீண்டும் சொற்களாலேயே தெரிவிக்கும். இருட்டறை, பூட்டிய கதவு, வழிமறிக்கும் பாம்பு என்று எல்லாம் படிப்பவர் மனத்தில்தான் உருவாகும். வாசிப்பும் எழுத்தும் புதிரும் ஒன்றாகச் சேர்ந்த இந்த விளையாட்டில், படிக்காமல் ஓர் அடிகூட முன்னேற முடியாது.

இவ்வகையின் மூல விளையாட்டான 'கொலாசல் கேவ் அட்வெஞ்சர்' ஒரு தந்தை தம் மகள்களுக்காக எழுதியது. இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கிய போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் பணியாற்றிய வில் கிரௌதர், ஓய்வு நேரங்களில் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதிக்குள் இறங்கி வழி கண்டறிந்து வரைபடம் தயாரிப்பவராகவும் இருந்தார். மணவாழ்க்கை முறிந்து மகள்களைப் பிரிந்திருந்த காலத்தில், அவர்கள் தம்மிடம் வரும்போது விளையாடி மகிழட்டும் என்று, தாம் நடந்து பார்த்த குகையையே சொற்களால் அமைத்து 1975, 1976 ஆண்டுகளில் இதை எழுதினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்த டான் வுட்ஸ் 1977இல் அவருடைய இசைவு பெற்று அதை விரிவாக்கினார். அதன் பிறகு அது கணினி இருந்த இடமெல்லாம் பரவியது. அதனால் ஈர்க்கப்பட்ட, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக நிரலாளர்கள் அதே ஆண்டில் 'ஸோர்க்' என்னும் விளையாட்டைத் தொடங்கினார்கள். 'கொலாசல் கேவ்' விளையாடிய ராபர்ட்டா வில்லியம்ஸ் 1980இல் கோட்டுப் படங்கள் சேர்த்து 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினார். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடும் கதைசார்ந்த விளையாட்டுகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கிரௌதர் எழுதிய முதல் நிரல் நெடுங்காலம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டு, வுட்ஸின் பழைய பல்கலைக்கழகக் கணக்கின் காப்புப்படியிலிருந்து 2005இல் மீட்கப்பட்டது. அதை ஆராய்ந்து டென்னிஸ் ஜெர்ஸ் என்ற ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட விவரம், கற்பிக்கும் எவரும் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் ஏறத்தாழ 700 வரி நிரல், அதனுடன் ஏறத்தாழ அதே அளவு தரவு, 66 அறைகள், 193 சொற்கள். அவ்வளவுதான். தரவு என்பது என்ன? இடங்களின் வருணனைப் பட்டியல், எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் சென்றால் எந்த இடத்தை அடையலாம் என்ற பட்டியல், கணினிக்குத் தெரிந்த சொற்களின் பட்டியல். நிரலின் வேலை அந்தப் பட்டியல்களைப் பார்த்துப் பதில் சொல்வது மட்டுமே. ஆகவே நிரலைத் தொடாமல் பட்டியல்களை மட்டும் மாற்றினால், கென்டக்கியின் குகை நம்மூர்ப் பனந்தோப்பாகிவிடுகிறது. செயல் வேறு, செயலுக்கு உட்படும் பொருள் வேறு என்று பிரித்துப் பார்ப்பது நிரலாக்கத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. இந்த விளையாட்டு அதைக் கண்ணெதிரே நிறுத்துகிறது.

எங்கள் வாசகசாலையில் பிள்ளைகள் முதலில் கணினியைத் தொடுவதில்லை. காகிதத்தில் கட்டங்கள் வரைந்து, கோடுகளால் இணைத்து, தங்கள் ஊரை வரைபடமாக்குகிறார்கள். வேலந்தாவளம் சோதனைச் சாவடி ஒரு கட்டம். அதற்குக் கிழக்கே தமிழ்நாட்டுக்குள் போகும் சாலை, மேற்கே பனந்தோப்பு, அப்பால் கல்கட்டு கிணறு. பிறகு ஒரு பிள்ளை கணினியாக அமர்ந்து, கையில் இருக்கும் அட்டைகளைப் பார்த்து மட்டுமே பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கட்டளையிடுவார்கள். அட்டையில் எழுதியிராத எதற்கும் கணினிப் பிள்ளை பதில் சொல்லக் கூடாது என்பது விதி. தோப்பிலிருந்து கிழக்கே வந்தால் சாவடி என்று எழுத மறந்திருந்தால், சாவடியிலிருந்து தோப்புக்குப் போனவர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே நிற்பார். போகும் வழியும் வரும் வழியும் இரண்டு தனித்தனிச் செய்திகள் என்பதை இப்படி ஒருமுறை அனுபவித்த பிள்ளைக்கு அதைப் பற்றி விரிவுரை எதுவும் தேவைப்படுவதில்லை.

இதில் நிலையை நினைவில் வைத்திருக்கும் மாறி என்ற கருத்தைக் கற்பிக்க எங்கள் மண்ணே உதவியது. மூலத்தறையில் மதகு திறந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டால்தான் இங்கே உழவு வேலை தொடங்கும். ஆழியாற்றிலிருந்து தண்ணீர் வந்ததா இல்லையா என்பதே இந்த வட்டாரத்து வீடுகளில் ஆண்டுதோறும் பேசப்படும் செய்தி. பிள்ளைகள் அதையே விளையாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மதகு திறந்திருந்தால் வாய்க்காலை நடந்து கடக்க முடியாது, பாலம் தேடிச் சுற்றிப் போக வேண்டும். மூடியிருந்தால் இறங்கி நடக்கலாம், ஆனால் அப்போது தண்ணீர்க் குடத்தை நிரப்ப முடியாது. உண்மை அல்லது பொய் என்ற ஒரே ஒரு மாறியும் இரண்டு நிபந்தனைகளும் ஒரு முழுப் புதிரை உருவாக்கிவிட்டன. கிரௌதரும் வுட்ஸும் அமைத்த புதிர்களும் இத்தகையவையே. பாம்பு வழிமறிக்கிறது, கூண்டில் பிடித்துவந்த சிறு பறவையை விடுவித்தால் அது பாம்பை விரட்டிவிடும், ஆனால் கையில் கருங்கோல் இருந்தால் பறவை அஞ்சி ஒதுங்கும், பிடிக்க முடியாது. கையில் கோல் உண்டா, கூண்டு உண்டா, கூண்டுக்குள் பறவை உண்டா என்ற மூன்று கேள்விகளின் பின்னலே அந்தப் புதிர். பத்து வயதுப் பிள்ளையால் இதைக் காகிதத்தில் எழுதிக்காட்ட முடிகிறது என்பதை நான் பார்த்துவருகிறேன்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதிக்கு வருகிறேன். விளையாட்டு தமிழில் கட்டளை வாங்க வேண்டும் என்று முடிவு செய்த கணத்திலேயே, கணினிப் பாடம் தமிழ் இலக்கணப் பாடமாகவும் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னே வரும், பொருளின் பெயர் எந்த மாற்றமும் இல்லாமல் பின்னே வரும். ஆகவே இரண்டு சொற்களைப் பட்டியலோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது. தமிழில் வினை பொதுவாக இறுதியில் நிற்கும். பெயரோ வேற்றுமை உருபு ஏற்று வடிவம் மாறி வரும். பட்டியலில் விளக்கு என்று எழுதிவைத்தால், விளக்கை எடு என்ற கட்டளை கணினிக்குப் புரியாது. பெட்டியைத் திற என்று எழுதினால் உருபுக்குப் பின் ஒரு தகர ஒற்றும் சேர்ந்துகொள்ளும். அந்த ஒற்றை எழுதாமல் விடும் பிள்ளையின் கட்டளையும் நடந்தாக வேண்டும்.

இதற்கு முதல் விடையைக் கிரௌதரின் நிரலே தருகிறது. அவர் பயன்படுத்திய பிடிபி-10 கணினியில் ஒரு நினைவக அலகுக்குள் ஐந்து எழுத்துகள் மட்டுமே அடங்கும் என்பதால், அந்த விளையாட்டு எந்தச் சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே பார்த்தது. அங்கே இடச் சிக்கனத்துக்காகக் கையாண்ட உத்தி, உருபுகள் எல்லாம் சொல்லின் கடைசியில் வந்து ஒட்டும் நம் மொழிக்கு வேறு காரணத்தால் கைகொடுக்கிறது. விளக்கு, விளக்கை, விளக்கால், விளக்கில் ஆகிய எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒன்றே. மரம், மரத்தை, மரத்தில் ஆகியவற்றுக்கும் அப்படியே. சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலான கட்டளைகள் உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும்.

பெரும்பாலானவைதான், எல்லாம் அல்ல. வாள் என்ற சொல்லும் வாளி என்ற சொல்லும் ஒரே விளையாட்டில் இருந்தால், வாளியை எடு என்று கட்டளையிட்டவர் கையில் வாள் வந்து சேரும். ஏனென்று பிள்ளைகள் தேடும்போது, கணினி தமிழை எப்படிச் சேமிக்கிறது என்ற கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கிணறு என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தான் என்ற கணினி மொழியைக் கேட்டால் ஐந்து என்று பதில் வரும். நமக்கு மூன்றே எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் ஒருங்குறி முறையில் கி என்பது ககரமும் அதன் மேல் ஏறும் குறியுமாக இரண்டு குறியீடுகள், று என்பதும் இரண்டு, நடுவிலுள்ள ணகரம் ஒன்று. அதே கணக்கின்படி, மருந்து என்ற சொல்லின் தொடக்கத்தில் நம் கண்ணுக்கு 'மர' தெரிவதில்லை, கணினியின் கணக்கில் இருக்கிறது; அதனால் மருந்தைக் குடி என்று கட்டளையிட்டால் மரத்தைக் குடிக்க முடியாது என்று கணினி பதில் சொல்லும். நீளமான சொல்லை முதலில் ஒப்பிட்டுவிட்டுக் குறுகியதைப் பிறகு ஒப்பிட வேண்டும் என்ற தீர்வைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆசிரியர் பொறுமையாகக் காத்திருந்தால் போதும்.

அடுத்த படியில் உருபை வெட்டி எறிவது போதாது என்று தெரியவரும். பாம்பைக் கல்லால் அடி என்பதற்கும் கல்லைப் பாம்பால் அடி என்பதற்கும் பெயர்ச்சொற்கள் ஒன்றே, வரிசைகூட முக்கியமல்ல. வேறுபடுத்துவது ஐ, ஆல் என்ற உருபுகள் மட்டுமே. குரங்குக்குப் பழத்தைக் கொடு என்றாலும் பழத்தைக் குரங்குக்குக் கொடு என்றாலும் ஒரே செயல்தான் நடக்க வேண்டும். ஆகவே எது செயப்படுபொருள், எது கருவி, யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல இரண்டாம், மூன்றாம், நான்காம் வேற்றுமைகளின் அட்டவணையை நிரலுக்குள் எழுதியாக வேண்டும். மகர ஈற்றுப் பெயருக்கு அத்துச் சாரியை வரும். வீடு, ஆறு போன்ற நெடில்தொடரிலும் கிணறு போன்ற உயிர்த்தொடரிலும் டகர றகர ஒற்று இரட்டித்து வீட்டை, ஆற்றை, கிணற்றை என்றாகும். பந்து, வண்டு போன்றவற்றுக்கு அப்படி ஆகாது. நன்னூல் வகுத்த இந்த விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோகும் அதே பிள்ளைகள், விதியை எழுதாவிட்டால் விளையாட்டில் கிணற்றுக்குள் இறங்க முடியாது என்னும்போது அதைக் கேட்டு வாங்கிக் கற்கிறார்கள். இலக்கண விதி என்பது நிபந்தனையும் அதற்கான செயலும் சேர்ந்த ஒன்று என்பதை வகுப்பில் நான் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்திருக்கிறேன். பிள்ளைகள் அதைச் செய்து பார்ப்பது இங்கேதான்.

எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு வளமும் உண்டு. இங்கே வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. தெலுங்கு பேசும் குடும்பங்களும் இருக்கின்றன. சாவி என்று ஒரு பிள்ளை எழுதினால் இன்னொரு பிள்ளை தாக்கோல் என்று எழுதுகிறது. மலையாளத்தில் உயிரற்ற பொருளுக்குப் பொதுவாக இரண்டாம் வேற்றுமை உருபு சேர்வதில்லை என்பதால், மலையாளம் மிகுதியாகப் பேசும் பிள்ளை விளக்கு எடு என்றே தட்டச்சிடுகிறது. இவற்றைப் பிழை என்று அடித்துத் திருத்துவதற்குப் பதிலாக, பொருள் ஒன்று சொல் பல என்ற பட்டியலைச் சேர்க்கச் சொல்கிறேன். கிரௌதரின் சொற்பட்டியலிலும் ஒத்த பொருளுடைய சொற்களுக்கெல்லாம் ஒரே எண்தான் தரப்பட்டிருந்தது. கதவைத் திறக்க ஒரு விடுகதைக்கு விடை சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் அமைத்த இடத்தில், ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்குள் வரமாட்டான் என்ற கேள்விக்குச் செருப்பு என்றாலும் செரிப்பு என்றாலும் கதவு திறக்கிறது. நூல்தமிழில் விளையாட்டின் வருணனையை எழுதப் பழகும் அதே வேளையில், தன் வீட்டுப் பேச்சைக் கணினி ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகமலர்ச்சி எனக்கு மிகப் பெரிய நிறைவு.

நடைமுறைக்குத் தேவையானவை பெரும்பாலும் கேரளப் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அதன் தொடர்ச்சியாக உருவான கைட் நிறுவனமும் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் வழிக் கட்டற்ற மென்பொருளையே நிறுவியிருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் 2018 முதல் நடக்கின்றன. ஸ்கிராட்ச் போன்ற காட்சிவழிக் கருவிகளையும் பைத்தானையும் பிள்ளைகள் அங்கே சந்திக்கிறார்கள். ஸ்கிராட்ச் நல்ல கருவி. பூனையை நகர்த்திப் பார்க்கும் சிறு பிள்ளைக்கு அது தரும் உற்சாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மொழிக்கு வேலை குறைவு. தட்டச்சு ஒரு தடை என்பார்கள்; அதுவும் பெரிய தடை அல்ல. பள்ளியில் மலையாளத்துக்குக் கற்கும் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை இந்திய மொழிகளுக்குப் பொதுவான அமைப்பு. மலையாளக் ககரம் இருக்கும் விசையிலேயே தமிழ்க் ககரமும் இருக்கிறது. ஒரு மொழிக்குப் பழகிய விரல் மற்ற மொழிக்கும் பயன்படும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. லினக்ஸின் கட்டளைத் திரைகள் பலவற்றில் தமிழின் கொம்புகளும் துணையெழுத்துகளும் இடம் மாறிச் சிதைந்து தெரியும். தம் எழுத்து உடைந்து கிடப்பதைப் பார்க்கும் பிள்ளைகள் தாங்கள்தான் தவறு செய்துவிட்டோம் என்று மனம் தளர்வார்கள். விளையாட்டை உலாவியில் திறக்கும் எளிய பக்கமாக அமைத்துவிட்டால் எழுத்து செம்மையாகத் தெரியும். பள்ளியில் ஒதுக்கிவைத்த பழைய மடிக்கணினியிலும் அது ஓடும்.

ஆங்கிலம் தெரியாமல் நிரலாக்கம் எப்படி என்று பெற்றோர் கேட்கிறார்கள். பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தமே 35. உரை விளையாட்டுக்கு அவற்றில் கால்பங்கு போதும். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி இருக்கிறது. ஆங்கிலத்தை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து அல்ல. தாய்மொழியில் ஒரு விளையாட்டை எழுதி முடித்த பிள்ளைக்கு, இவ்வகையின் முதல் விளையாட்டு எப்படி எழுதப்பட்டது என்று பார்க்கும் ஆவல் தானாக வரும். அப்போது ஆங்கிலமும் வரும். அதற்கும் காலம் கனிந்திருக்கிறது. கிரௌதர், வுட்ஸ் இருவரின் இசைவுடன் நிரலாளர் எரிக் ரேமண்ட் 2017இல் 'கொலாசல் கேவ்' நிரலின் பிற்காலப் பதிப்பைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார். 'ஸோர்க்' விளையாட்டின் மூன்று பாகங்களின் மூலநிரலையும் 2025 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், எவரும் எடுத்தாள இடந்தரும் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது. பல கோடி ரூபாய் வணிகம் நடந்த விளையாட்டுத் துறையின் தொடக்க ஆவணங்களை இன்று கொழிஞ்சாம்பாறையில் உள்ள ஒரு பிள்ளை கட்டணமின்றி இறக்கிப் படிக்கலாம், மாற்றலாம், தன் பெயரில் புதியதாகச் செய்யலாம்.

கைப்பேசியில் பளபளப்பான விளையாட்டுகளைப் பார்த்துப் பழகியவர்கள் வெறும் எழுத்தைத் தொடுவார்களா என்ற ஐயம் எனக்கும் சொல்லப்பட்டது. பிறர் எழுதிய உரை விளையாட்டை விளையாடச் சொன்னால் சிலர் சீக்கிரமே சலித்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை. தாங்களே எழுதும்போது அந்தச் சலிப்பு வருவதில்லை. தன் தெருவும் தன் பாட்டியின் வீட்டுத் திண்ணையும் இருக்கும் விளையாட்டைத் தோழர்கள் விளையாடித் திணறுவதை அருகில் நின்று பார்ப்பதைவிடப் பெரிய ஈர்ப்பு எதுவும் அந்த வயதில் இல்லை. அதோடு, படம் வரையும் திறமையோ இசையமைக்கும் திறமையோ இல்லாத பிள்ளையும் இங்கே ஒரு முழுமையான படைப்பைத் தனியாக முடிக்க முடிகிறது. பெரிய வகுப்புகளில் கட்டணம் கட்டிச் சேரும் பிள்ளைகள், பிறர் செய்துவைத்த மாதிரியில் நிறத்தையும் உருவத்தையும் மாற்றிவிட்டு விளையாட்டு உருவாக்கிவிட்டோம் என்று சான்றிதழோடு திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். முடிவெடுத்து, எழுதி, பிழை தேடி, திருத்தி, மீண்டும் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி அங்கே கிடைப்பதில்லை என்பதே என் கவலை.

கேரளக் கல்வித் துறைக்கும் கைட் நிறுவனத்துக்கும் என் வேண்டுகோள் இது. லிட்டில் கைட்ஸ் பயிற்சியில் மலையாளக் கணிமைக்கு இடம் இருக்கிறது. சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், பீருமேடு பகுதிகளிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளில் அந்த இடம் தமிழ்க் கணிமைக்கும் முறையாகக் கிடைக்கட்டும். தமிழ் உரை விளையாட்டு ஒன்றை எழுதி முடிப்பதை மன்றச் செயல்பாடாக ஏற்கட்டும். வாரத்தில் ஒரு பாடவேளையாவது தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே அறையில் பிள்ளைகளோடு இருக்க அனுமதிக்கட்டும். எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ்க் கணிமை ஆர்வலர்களும், வேற்றுமை உருபுகளைப் பிரித்தறியும் சிறு நிரல்தொகுப்பு ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகள் எளிதில் எடுத்தாளும் வகையில் தமிழிலேயே விளக்கங்களுடன் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். கிரஹாம் நெல்சன் 1993இல் உருவாக்கிய இன்ஃபார்ம் என்ற உரை விளையாட்டு எழுதும் கருவிக்கு ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஆகிய மொழி பேசுவோர் தத்தம் இலக்கணத்துக்கேற்ற தொகுப்புகளை எழுதிச் சேர்த்தது அம்மொழிகளில் உரை விளையாட்டுகள் பெருக உதவியது. தமிழுக்கும் அத்தகைய அடித்தளத்தை ஒருமுறை நன்றாக அமைத்துவிட்டால், ஒவ்வொரு பள்ளியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். சிறுவர் பக்கத்தில் வாரந்தோறும் கால் பத்தி இடம் ஒதுக்கி, பிள்ளைகள் வரைந்தனுப்பும் ஓர் ஊர் வரைபடத்தையும் அதன் இரண்டு இடங்களின் வருணனையையும் ஒரு புதிரையும் வெளியிடுங்கள். கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகூடக் காகிதத்தில் அதை விளையாடலாம். கணினி உள்ள பள்ளியில் அதையே நிரலாக்கலாம். கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது இதைத் தொடங்கினால், முதல் சில வாரங்களுக்குத் தேவையான வரைபடங்களை எங்கள் வாசகசாலைப் பிள்ளைகளிடமிருந்து பெற்று, எழுத்துப் பிழை நீக்கி, உரிய நேரத்தில் அனுப்பிவைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.